கார்டு சுத்தம் என்று சொன்ன ஜன்னல்

போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் புதிய ரெக்கார்டு பிரிவைப் பார்க்க என்னை அழைத்திருந்தீர்கள். பழைய ரெக்கார்டு ரூம் இருந்த இடத்தில் இப்போது நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும் இருக்கின்றன. யார் எந்த நோயாளியின் விவரத்தைத் திறந்தாலும் திறந்தவர் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும் என்று ஒரு பெண் காட்டினாள். நல்ல காரியம் என்று நானும் தலையாட்டினேன். பிறகு காபி குடிக்கும்போது அதே பெண் தன் பாஸ்வேர்டைப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "பரவால்ல ஆன்ட்டி, இவ நம்ம ஆளுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவள் நான். வெளியாள் ஒருவன் உள்ளே புகுந்து ஒரு நோயாளியின் கார்டைத் திருடிப் படித்ததாக ஒரு சம்பவம்கூட எனக்குத் தெரியாது. படித்தவர்கள் எல்லோருமே நம்ம ஆட்கள்தான். அவர்களில் முதல் ஆள் நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சித்தூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி என்றால் அப்போது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டரிலிருந்து துணி துவைக்கிறவர் வரை பாதிப் பேர் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். காலையில் வார்டில் ஒன்றாக வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சு. ஒருவருக்கொருவர் அத்தை, மாமா, சித்தி என்று உறவு வேறு. நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒரே மாதிரி கார்டு, ஒரே அலமாரி. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு கார்டு. பிறந்ததிலிருந்து வந்த காய்ச்சல், கட்டி, பிள்ளைப்பேறு எல்லாம் அதில் இருக்கும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான். எனக்கு இருபத்து நாலு வயசு. எல்லோரும் மணி அக்கா என்று கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம்.

முதல் தப்பை ஜெபத்தில் செய்தேன். சிரிக்காதீர்கள்.

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஊழியர்கள் எல்லோரும் சிற்றாலயத்தில் கூடுவோம். உள்நோயாளிகளுக்காக ஜெபம் செய்வார்கள். அதற்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெயர், ஊர், நோய் என்று மூன்றையும் அழகான கையெழுத்தில் எழுதுவேன். கர்த்தருக்கு முழு விவரம் தேவைப்படும் என்று நினைத்தோம் போலிருக்கிறது. போதகர் ஐயா அதைச் சத்தமாக வாசிப்பார்.

ஒரு முறை விஜயபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து படுத்திருந்தார். கடலை போடுகிறவர். நம் சபையும் இல்லை, சாமியும் வேறு. அவருக்குக் காச நோய். பெயரோடும் ஊரோடும் அதையும் எழுதினேன், ஐயா வாசித்தார், எல்லோரும் ஆமென் சொன்னோம். ஆமென் சொன்னவர்களில் ஒரு வார்டு ஆயம்மாவுக்குப் பக்கத்து ஊரில் தங்கை வீடு. நாலே நாளில் விவசாயியின் மனைவியைப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று ஊரில் நிறுத்திவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டதும் விவசாயி பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"யம்மா, பேரு எழுதிக் குடுக்கறது நீதானா?"

"ஆமாங்க."

"நான் டாக்டர்கிட்ட சொல்றதுக்குத்தான் வந்தேன். உங்க சாமிகிட்ட சொல்றதா இருந்தா என்னை ஒரு வார்த்த கேட்டுருக்கலாம் இல்ல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாதி மருந்தோடு போனவர் திரும்பி வரவேயில்லை. வரச் சொல்லித் தபால் கார்டு போடலாம் என்று எடுத்தேன். அதைத் தபால்காரர் படிப்பாரே என்ற புத்தி அப்போதுதான் வந்தது. உறையில் போட்டு எழுதினேன். பதில் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பது தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து பட்டியலில் பெயர் மட்டும்தான். நோயை வெளியே சொல்லக்கூடாது என்று பாடம் படித்துவிட்டேன், இனி நம்மை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். பாதிப் பாடம்தான் படித்தேன் என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

நம் சபையில் கல்யாணம் நிச்சயமானால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் படித்து, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று கேட்பது வழக்கம். கோயிலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திங்கட்கிழமை என் ஜன்னலுக்கு வருவார்கள். மாப்பிள்ளையின் அக்காவோ சித்தியோ இங்கேயே ஒரு வார்டில் வேலை செய்துகொண்டிருப்பாள். "மணி, அந்தப் பொண்ணு கார்ட ஒரு பார்வ பாத்துச் சொல்லேன்" என்பாள். நான் எடுத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. "கார்டு சுத்தம்" என்பேன்.

நான் நோய் எதையும் சொல்லவில்லையே. நல்லதைத்தானே சொல்கிறேன். யாருக்கு நஷ்டம்? அப்படித்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. கல்யாண வீடுகளில் டாக்டருக்கு அடுத்த நாற்காலி எனக்குப் போட்டார்கள். மணி அக்கா சொல்லிவிட்டாள் என்றால் சரி என்று பெயர். இப்படிப் பதினோரு பெண்களின் கார்டைத் திறந்து சுத்தம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியைக்கூட நான் கேட்டதில்லை.

பன்னிரண்டாவது ஆள் கிருபை. பெண்கள் வார்டு நர்ஸ், என்னைவிட மூன்று வயசு இளையவள். அப்பா ஏர்பேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதிகம் பேசாத பெண். ஆனால் வார்டில் ஒரு நோயாளி வலி என்று சொன்னால் இரண்டாம் முறை சொல்ல விடமாட்டாள். ரேணிகுண்டாவில் ரயில்வேயில் வேலை செய்கிற ராஜன் என்பவரோடு அவளுக்கு நிச்சயமாகி, இரண்டு ஓலையும் வாசித்துவிட்டார்கள். ராஜனின் அத்தை ரூபா நம் பிரசவ வார்டில் மருத்துவச்சி. இந்த ஆஸ்பத்திரியில் அவர் கையில் பிறக்காத குழந்தை குறைவு.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள் ரூபா அத்தை வந்தார்.

"மணி, நம்ம பொண்ணு கார்ட கொஞ்சம் பாத்துரு. எனக்கு ஒரு டவுட்டும் இல்ல. அண்ணிதான் நச்சரிச்சிக்கினு கீது."

நான் எழுந்து போய் நம்பரைத் தேடி எடுத்தேன். எடுக்கும்போதே மேல் மூலையில் சிவப்புப் பென்சில் கோடு தெரிந்தது. பெருவியாதிக்கு, அதாவது குஷ்டத்துக்கு, வைத்தியம் பார்த்தவர்களின் கார்டுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு அடையாளம் போட்டிருந்தார்கள். அந்த நோய்க்கான கிளினிக்கில் சட்டென்று எடுப்பதற்கு வசதி என்று யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. உள்ளே பார்த்தேன். பதினோரு வயசில் இடது முழங்கைக்கு மேலே ஒரு தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை. நாலு வருஷம் மாத்திரை. கடைசி வரியில், சிகிச்சை முடிந்தது, தொற்று இல்லை, என்று டாக்டர் கையெழுத்து. அதோடு அந்தக் கதை முடிந்துபோயிருந்தது. அவளுக்கு இப்போது உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நோயின் பெயர் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாதா?

கட்டைவிரலால் மூலையை மூடிக்கொண்டேன். ஜன்னலில் ரூபா அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் சுத்தம் சொல்லியிருப்பேன்.

"கார்டு எடத்துல இல்லீங்க அத்தே" என்றேன். "எங்கியோ மாறிப் போயிருக்குது. தேடிச் சொல்றேன்."

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, தேடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தக் கார்டை என் மேஜை அறையில், பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்துதான் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு மடத்தனத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதினோரு கார்டு காணாமல் போகவில்லை. பன்னிரண்டாவது மட்டும் காணாமல் போனால் என்ன அர்த்தம்? மருத்துவச்சி ஒருவருக்கு இதைக் கணக்குப் போட்டுச் சொல்லித்தர வேண்டுமா?

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிருபை வந்தாள். யூனிஃபார்மோடு நின்றாள்.

"அக்கா, என் கார்டு காணாம பூட்ச்சாமே."

நான் மேஜை அறையைத் திறந்து எடுத்துக் காட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இன்னாத்துக்கு?"

"ரூபா அத்த கேட்டாங்க, அதான்..."

"அவங்க கேட்டாங்க. நீங்க இன்னாத்துக்குப் படிச்சீங்க?"

கார்டைத் திரும்ப மேஜை மேல் வைத்தேன்.

"லேபர் வார்டுல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு ஒரு புள்ள பொறந்துதாம். எங்க நைனா வந்து அந்த கார்ட கிழிச்சிப் போட்டாராம். உள்ள இருக்கறது இன்னான்னு தெரிஞ்சிருந்தாகூட இவ்ளோ கேவலமா பேசியிருக்க மாட்டாங்க."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே ஒரு யோசனையும் சொன்னேன். நாளைக்கே கார்டு கிடைத்துவிட்டது, சுத்தம், என்று சொல்லிவிடுகிறேன். சீக்கு போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, அதில் பொய் என்ன இருக்கிறது என்றேன்.

"வேணாங்க்கா. நாளைக்கு அது வேற வழியா தெரிஞ்சா, ஏமாத்திக் கட்டிக்கினான்னு என்னைத்தான் சொல்லுவாங்க. கார்டுல இருக்குதுன்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. அது என்னுது." பிறகு சொன்னாள்: "மூணாவது ஓலைக்கு முன்னாடி அவர்கிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வர்ற சனிக்கெழம பாக்க வரேன்னு லெட்டர்கூடப் போட்டேன். இப்ப போயி சொன்னா, மாட்டிக்கினதால சொல்றான்னு நெனப்பாரு. அத நீங்க கெடுத்துட்டீங்க."

நான் அதுவரை நோயை மறைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். அவளுடைய கதையைச் சொல்லும் உரிமை அவளுடையது, எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் என்பதெல்லாம் அவள் முடிவு செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் வாயைத் திறக்காமலே அதை அவள் கையிலிருந்து பிடுங்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ரூபா அத்தை திரும்ப வந்தார். கூடவே போதகர் ஐயாவையும் அழைத்து வந்திருந்தார். ஐயா கெட்டவர் இல்லை. சபைக்குள் வதந்தி பரவுகிறதே, ஒரு பெண்ணின் பெயர் கெடுகிறதே என்ற கவலையில்தான் வந்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிநோயாளிகள் வரிசை வேறு நின்றிருந்தது. அத்தையையும் ஐயாவையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"மணியம்மா, கார்டு கெடச்சிதா?" என்றார் ஐயா. "நீ எங்களுக்குக் காட்ட வேணாம். ஒன்னும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கு நான் ஓல வாசிச்சிடறேன். பேசறவங்க வாயும் மூடிடும்."

ஒரு வார்த்தை. பதினோரு தடவை சொன்ன வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் மறுநாள் ஓலை வாசித்திருப்பார்கள். கிருபை வேண்டாம் என்று சொன்னது காதில் இருந்ததால் சொல்லவில்லை.

"ஐயா, இதுவரைக்கும் பதினோரு பொண்ணுங்க கார்டப் பாத்துச் சொல்லியிருக்கேன். அது தப்பு. பாக்க எனக்கு எந்த உரிமையும் கெடையாது. இனிமே யாரு கார்டப் பத்தியும் இந்த ரூம்ல பேச்சு இல்ல."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நல்ல முடிவுதாம்மா. ஆனா இந்தப் பொண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கணுமா?"

சரியான காரியத்தைத் தப்பான நாளில் செய்துகொண்டிருந்தேன். பதினோரு பேருக்கு நான் கொடுத்த நற்சாட்சியெல்லாம் சேர்ந்து இப்போது இவளுக்கு எதிராக நின்றது.

ரூபா அத்தை விடவில்லை. "அப்ப ஏதோ கீதுன்னுதானே அர்த்தம்? எந்துக்கு தாச்சிப்பெடுதுன்னாவு? இன்னாத்துக்கு மறைக்கிற?" என்று தெலுங்கும் தமிழுமாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ராஜன் கார்டும் இங்கதான் கீது. அவரும் இந்த ஆஸ்பத்திரில பொறந்தவருதான். அதையும் எடுக்கட்டுமா அத்தே? இத்தினி வருஷத்துல ஒருத்தருகூட மாப்பிள்ள கார்டக் கேட்டதில்லியே" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "ஆம்பளைக்கு எதுக்கு?" என்றார், ஆனால் குரல் இறங்கிவிட்டது. என் கை அலமாரிப் பக்கம் போய்விட்டது. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி. அதில் ஏதாவது இருந்தால் இவர் வாயை ஒரே நிமிஷத்தில் அடைத்துவிடலாம். கிருபைக்கு நான் செய்ததை இன்னொருவருக்கும் செய்துவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருப்பேன். கையை இழுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். ராஜன் கார்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லி அத்தையை மிரட்டினேன் இல்லையா, அதற்கும் எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. பையன் வீட்டார் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார்கள். கிருபை வழக்கம்போல் தன் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல் பாட்டுப் பாடினாள். வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து, "நேத்து அவர்கிட்ட சொல்லிட்டேங்க்கா. அம்மாவக் கேட்டுச் சொல்றேன்னார்" என்றாள். வேண்டாம் என்று ராஜனின் அம்மா சொன்ன பதில் வர பத்து நாள்கூட ஆகவில்லை, கல்யாணம் நின்றது.

திங்கட்கிழமை மெடிக்கல் சூப்பிரண்டெண்டிடம் போனேன். அந்தப் பதவியில் இருந்த டாக்டரம்மா கண்டிப்புக்குப் பேர்போனவர். ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் போனேன், போனால் போகட்டும் என்றும் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "உன்ன அனுப்பிட்டு வேற ஒருத்திய வச்சா அவளும் இதையேதான் செய்வா. போயி யோசிச்சிட்டு வா. இன்னா பண்ணலாம்னு நீயே எழுதிக்கினு வா."

மூன்று நாள் யோசித்தேன். கார்டு வெளியே போனால் யாருக்கு, எதற்கு என்று ஒரு நோட்டு. நான் ஒரு கார்டைத் திறந்தாலும் அதே நோட்டில் என் கையெழுத்து. ஊழியர்களின் கார்டுகளைத் தனியே ஒரு பூட்டுப் போட்ட பீரோவில் வைப்பது. "சாவி?" என்று கேட்டார் சூப்பிரண்டெண்ட். "என்கிட்ட வேணாம்மா" என்றேன். அவர் அன்றைக்கு ஒரே ஒரு முறை சிரித்தார்.

சிவப்புக் கோடுதான் தலைவலியாக இருந்தது. ரப்பர் போட்டு அழித்தால் அழித்த தடம் தெரிகிறது. எல்லோருக்கும் தெரிந்த மூலையில் ஒரு கார்டு மட்டும் தேய்ந்திருந்தால் அது கோட்டைவிட மோசம். கடைசியில் கத்தரியை எடுத்து, கோடு இருந்ததோ இல்லையோ, அறையில் இருந்த அத்தனை கார்டின் மேல் மூலையையும் வெட்டினேன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு நடுவே நூறு, நூற்றைம்பது. மாதக்கணக்கில் ஆயிற்று. விரலில் காய்ப்புக் காய்த்தது. இந்த வேலைக்குப் பைத்தியமா என்று கேட்டவர்களுக்கு அலமாரியில் இடிக்கிறது என்று சொன்னேன். பழைய கார்டுகளில் ஒன்றிரண்டு இன்னும் உங்கள் கிடங்கில் இருந்தால் பாருங்கள், எல்லாம் ஒரே பக்கம் மூலை இல்லாமல் இருக்கும்.

விதி எழுதுவது சுலபம். கஷ்டம் எப்போது வந்தது தெரியுமா? அடுத்த வருஷம் லேபில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு ஓலை வாசித்தபோது. வழக்கம்போல் ஜன்னலுக்கு வந்தார்கள். "கார்டப் பத்தி இங்க பேசறதில்லீங்க" என்றேன். உடனே, அப்படியானால் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணே அழுதுகொண்டு வந்தாள். "எனக்கு ஒன்னும் இல்லக்கா. நீங்களே எடுத்துப் பாருங்க. பாத்துட்டு அந்த ஒரு வார்த்தய சொல்லிடுங்க. நானே சொல்றேன் இல்ல?" என்று கெஞ்சினாள்.

உன் விவரம் வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள், அது உன் உரிமை, ஆனால் ஜன்னலில் நான் வாய் திறக்க மாட்டேன் என்றேன். அவளுக்குச் சுத்தம் சொன்னால், சொல்ல முடியாத அடுத்தவளை அன்றைக்கே காட்டிக்கொடுத்தவள் ஆவேன். இதை அவளிடம் விளக்கினேன். இருபது வயசுப் பெண், கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் எப்படி ஏறும்? நல்ல வேளை, கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. அவள் என்னோடு பேச ஒரு வருஷம் ஆயிற்று. டாக்டருக்கு அடுத்த நாற்காலியும் போயிற்று. மணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நோயைச் சொல்லாமல் இருப்பதைவிட, நோய் இல்லை என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம். நல்ல சேதியைச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆனால் இவளுக்குத் திறக்கிற வாய் அவளுக்கு மூடினால், மூடிய வாயே பேசிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை பூட்டு போட்டாலும் இந்தப் பூட்டை அது போடாது.

ஐந்தாறு பேருக்கு இப்படிச் சொன்ன பிறகு ஜன்னலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ரூபா அத்தை ஓய்வு பெற்றுப் போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கிருபைக்குத் திரும்பவும் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை நாயுடுபேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். முதல் ஓலைக்கு மறுநாள் காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள் ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. தலை தூக்கினால் கிருபை, கையில் கல்யாணப் பத்திரிகை.

"யாராவது வந்தாங்களாக்கா?"

"ஒருத்தரும் வரல."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லிட்டியான்னு நீங்க கேக்கலியே" என்றாள்.

"கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது மூன்று வருஷத்தில் அதுதான் முதல் முறை. பத்திரிகையை வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினாள். கல்யாணத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். பாதி அதுதான்.

அவள் அவரிடம் சொன்னாளா, சொல்லவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடமே கேட்டேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "எழுதுங்க. ஆனா அது நான்னு யாருக்கும் தெரியக்கூடாது" என்றாள். அதனால் அவள் பெயர், ஊர், வேலை, நோய் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் கார்டில் இருந்ததெல்லாம் இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். இதைப் படித்து முடித்ததும் அது யாராக இருக்கும், தேடித்தான் பார்ப்போமே என்று உங்களில் யாருக்காவது தோன்றியிருந்தால், அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த இருபத்து நாலு வயசு மணி நீங்கள்தான். கையை எடுத்துவிடுங்கள்.